சுவரிலிருந்து வழிந்த தேன்

ஆர்தர் ஆணியின் தலையில் மூன்றாவது அடி போட்டதும் சுவர் உறுமியது. ஓங்கிய சுத்தியலை இறக்காமல், முக்காலியின் மேலிருந்து குனிந்து மனைவியைப் பார்த்தார். முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த மார்த்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான்தான் சொன்னேனே" என்றாள். மூன்று வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவர் இரட்டைப் பலகைச் சுவர். வெளியே ஒரு வரிசைப் பலகை, உள்ளே ஒரு வரிசைப் பலகை, நடுவே கை நுழைகிற அளவுக்கு வெற்றிடம். வெளிப்பலகை ஒன்றில் கணு உதிர்ந்து, கட்டைவிரல் போகிற ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகத் தேனீக்கள் உள்ளே போய், வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தனம் தொடங்கிவிட்டன. மார்த்தா வேலையெல்லாம் முடித்த பிறகு அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். எத்தனை அடை கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் குஞ்சு, எந்தப் பக்கம் தேன் என்பதெல்லாம் அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும்.

"இன்னும் ஒரே அடி, நின்னுடும்" என்று ஆர்தர் நாலாவது அடியும் போட்டார். மூன்றங்குல ஆணி உள்ளே இறங்கியது. சுவர் இன்னும் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தது. பாண்டிச்சேரியிலிருந்து கப்பலில் வந்த திரு இருதயப் படத்தை, கனத்த மரச்சட்டத்தோடும் கண்ணாடியோடும் தூக்கி மாட்டினார். இறங்கி வந்து வாசல்படியில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது ஆண்டவர் முகம்தான். அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

நாளை ஞாயிறு, மாலை நாலு மணிக்குச் சுவாமியார் வருகிறார். வீட்டில் திரு இருதயத்தை ஸ்தாபகம் செய்கிற வழக்கம் அப்போதுதான் பினாங்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே பரவிக்கொண்டிருந்தது. சுவாமியார் படத்தை மந்திரிப்பார். வீட்டுத் தலைவன் தன் கையாலேயே அதைச் சுவரில் ஏற்றுவான். எல்லாரும் முழங்காலில் நின்று, இந்த வீட்டுக்கு இனி நீரே அரசர் என்று ஒப்புக்கொடுப்பார்கள். டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் இதுவரை ஒரே ஒரு வீட்டில்தான் நடந்திருந்தது. அது துறைமுகக் கிடங்கின் பெரிய கிராணி ஹென்றியின் வீடு. அவருக்குக் கீழே கணக்கெழுதும் சின்னக் கிராணி ஆர்தருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆணி சரியாக நிற்கிறதா என்று ஒரு நாள் முன்னதாகவே மாட்டிப் பார்த்ததும் அதனால்தான்.

ஈக்களை எடுத்துவிடுகிறேன் என்று மார்த்தா கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றே. "எதிர்வீட்டுல தெரேசா அக்கா பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஸ்தாபகம் முடியட்டும், கெப்பாலா பத்தாஸ்லேர்ந்து மலாய்க்காரர் யாரையாவது கூட்டிட்டு வரேன்." அவர் பயந்தது ஈக்குக் கொஞ்சம், தெரேசா அக்காவுக்கு மீதி. பெரிய கிராணியின் மனைவி தெரேசா, கோயில் பெண்கள் சபையின் தலைவி. அவர் கண்ணுக்கு முன்னால் மார்த்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்கையைச் சுவருக்குள் விட்டால், இருபத்தொரு வருஷமாக ஆர்தர் கட்டிக் காத்த கதை பொத்தென்று விழுந்துவிடும்.

அந்தக் கதை இதுதான். மார்த்தா நாகப்பட்டினத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். உண்மையில் அவள் நாகப்பட்டினத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. சுங்கை பாக்காப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில், கூலி லயத்தின் ஒன்பதாவது வீட்டில் பிறந்தவள். சர்க்கரை காய்ச்சுகிற கொட்டகை இருந்தால் தேனீ வராமல் இருக்குமா? லயத்துச் சுவர், கூரை, தண்ணீர்த்தொட்டி என்று ஒரு இடம் விடாமல் கூடு கட்டும். யாராவது கொட்டுப்பட்டுக் கத்தினால், "மார்த்தாவக் கூப்பிடுங்க" என்பார்கள். பத்து வயதிலேயே அவள் கை நடுங்காது. கூட்டுக்கு ராணியான தாய் ஈ எங்கே ஒளியும் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்தது, யாரும் சொல்லித்தரவில்லை. பதினேழு வயதுக்குள் நாற்பது கூடாவது எடுத்திருப்பாள். தோட்டத்துத் துரைகூட ஒரு தரம் தன் பங்களாவுக்கு ஆள் அனுப்பி அவளைக் கூட்டிப் போனான். தோட்டத்தில் அவள் பேர் ஈப்பிடிச்சி. அவளுக்கு அது பட்டம் மாதிரிதான் இருந்தது. தோட்டத்துக் கோயில் திருநாளுக்கு வந்த ஆர்தர் அவளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார். ஆனால் தீவுக்கு வருகிற படகில், பாதிக் கடலில், "யார் கேட்டாலும் நாகப்பட்டினம்னு சொல்லு மார்த்தா. கிராணி வீடுங்க ஒரு மாதிரி" என்றார். அவள் சரி என்றாள். பிறகு தோட்டத்தையே மூடிவிட்டார்கள், லயம் இடிந்துபோனது. பொய் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. தைப்பிங் கன்னிமடத்தில் தங்கி வாத்திச்சிக்குப் படிக்கிற அவர்கள் மகளுக்கே தெரியாது.

கெட்ட மனிதர் இல்லை ஆர்தர். மனைவி மேல் ஒரு சொல் விழக்கூடாதென்று நினைத்தார், அவ்வளவுதான். ஆனாலும் தன் கை அறிந்த ஒரே வித்தையை ஒளித்து வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் காணாத ஊரின் கடற்கரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது மார்த்தாவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாடும் ஆகி, வெயில் பலகைச் சுவரைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். ஜாடியில் பூ வைக்கிறேன் என்று தெரேசா இரண்டு மணிக்கே வந்துவிட்டார். மார்த்தா அடுக்களையில் பலகாரத்தை மூடி வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து ஒரு அலறல்.

"மார்த்தா! சர்வேசுரா! மார்த்தா, ஓடியாயேன்!"

படத்தின் கீழ்ச்சட்டத்திலிருந்து, சரியாக இருதயத்துக்கு நேர் கீழே, பொன்னிறத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. பலகையில் ஏற்கனவே ஒரு முழத்துக்கு வழிந்து பளபளத்தது. தெரேசா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அடுத்த கணம் சரிகைச் சேலையோடு தடாரென்று முழங்காலில் விழுந்தார். "தேன், மார்த்தா, தேன்! ஆண்டவருடைய இருதயத்துலேர்ந்து தேன் வழியுது!"

என்ன நடந்தது என்று மார்த்தாவுக்கு ஒரே பார்வையில் புரிந்தது. ஆர்தர் அடித்த ஆணி நேராகத் தேனடைக்குள் இறங்கியிருக்கிறது. இரவெல்லாம் கசிந்து, மதிய வெயிலில் அடை இளகி, ஆணி வழியாகப் படத்தின் பின்னால் இறங்கி வந்திருக்கிறது. சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தம் கேட்டு ஆர்தர் உள்ளே வந்தார். தேனைப் பார்த்தார், முழங்காலில் நிற்கிற பெரிய கிராணி வீட்டம்மாவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார். அதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் கிராணி உத்தியோகம் பார்த்தவருக்கு எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் பேசத் தெரியாதா?

தெரேசா வாயில் சேதி தங்குமா? அரை மணி நேரத்தில் சந்து நிறைந்துவிட்டது. கைக்குட்டையில் ஒற்றிக்கொள்கிறவர்களும், செபமாலையைத் தேனில் தொட்டு எடுக்கிறவர்களுமாகக் கூடம் நெரிந்தது. உள்ளதைச் சொன்னால் முதல் கொஞ்ச நேரம் மார்த்தாவுக்கு அது இனிக்கத்தான் செய்தது. இந்த வீட்டு நாற்காலியில் உட்காரும்போது முந்தானையால் ஒரு தரம் தட்டிவிட்டு உட்கார்கிற பெண்கள், இப்போது அவள் வீட்டுச் சுவரை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். "குடுத்து வெச்சவ நீ" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் ஒருத்தி. மார்த்தா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இந்தக் கைக்கு மரியாதை கிடைக்க வேண்டியதுதான், ஆனால் செய்யாத காரியத்துக்கா?

அப்போதுதான் நல்லம்மாள் வந்தாள். சந்து முனையில் சலவைத்தொழில் செய்கிற குடும்பம், கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை. தோளில் இரண்டு வயதுப் பெண்குழந்தை துவண்டு கிடந்தது. தொடாமலே சூடு தெரிந்தது. கூட்டம் வழிவிட்டது. நல்லம்மாள் விரலில் தேனை எடுத்துக் குழந்தையின் உதட்டில் தடவினாள். குழந்தைக்கு நக்கவும் தெம்பில்லை. "அஞ்சு நாளா மலைக்காய்ச்சல்க்கா" என்றாள் மார்த்தாவிடம். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் முகம். "ஆஸ்பத்திரியில குடுத்த கசப்பு மருந்த துப்பிக்கிட்டே இருந்திச்சி. இன்னைக்கும் வரச் சொல்லியிருந்தாங்க. உங்க சாமி தேன் குடுக்குதுன்னு கேட்டதும் மருந்த லோங்கான் சாக்கடையில கொட்டிட்டு ஓடியாந்துட்டேன். இனி ஊசி கீசியெல்லாம் வேணாம்லா, அக்கா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றார் தெரேசா, மார்த்தாவை முந்திக்கொண்டு. "விசுவாசமா இரு, போதும்."

மலைக்காய்ச்சலில் போன பிள்ளைகளை லயத்தில் எத்தனையோ பார்த்தவள் மார்த்தா. ஆர்தரின் சட்டைக்கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள்.

"சொல்லிடுங்க."

"இப்ப எப்படி சொல்றது? சாமி வரட்டும், அவரே பாத்துக்குவாரு."

"சாமி வர இன்னும் ஒரு மணி நேரமிருக்கு. அதுக்குள்ள அவ புள்ளயத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவா. அது ராத்திரி தாங்காதுங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க, மார்த்தா."

"அப்ப நான் காட்டுறேன்."

அவருக்கு அது எங்கே போய் நிற்கும் என்று புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. "நீ கை வெச்சேன்னா எல்லாமே தெரிஞ்சி போயிடும்" என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியட்டும்" என்றாள் மார்த்தா. அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. காய்ந்த தேங்காய் மட்டையைப் பிய்த்து உடைந்த கலயத்தில் போட்டு நெருப்பு வைத்தாள். புதுப் பானை ஒன்றின் உள்பக்கம் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லைக் கசக்கித் தேய்த்தாள், அந்த வாசம் ஈக்கு வீட்டு வாசம். விறகு பிளக்கிற பாராங் கத்தியை எடுத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எல்லாரும் வெளிய போயி நில்லுங்க. கையக் கால ஆட்டாம போங்க. நல்லம்மா, நீ மட்டும் புள்ளைய மூடிக்கிட்டு வாசல்ல நின்னு பாரு."

படத்தை அவளே கழற்றித் துடைத்து மேசையில் சாய்த்து வைத்தாள். பலகை இடுக்கில் பாராங் நுனியைக் கொடுத்து நெம்பினாள். பழைய ஆணிகள் கிறீச்சென்று விட்டுக்கொடுக்க, பலகை கையோடு வந்தது. வாசலில் நின்றவர்கள் ஒரே குரலில் மூச்சை இழுத்தார்கள். உள்ளே மூன்று அடைகள் மேலிருந்து கீழாகத் தொங்கின. அவற்றின்மேல் ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லாமல் ஈக்கள் மொய்த்திருந்தன. நடுவில் ஆர்தர் அடித்த ஆணியின் நுனி அடையைக் கிழித்துக்கொண்டு நின்றது. அங்கிருந்து தேன் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஈக்கூட்டம் இரைந்து கிளம்பியதும் சனங்களில் பாதி சந்து முனைக்கு ஓடிவிட்டது. முதலில் ஓடியவர் ஆர்தர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பாத்துக்கிட்டியா, நல்லம்மா?" மார்த்தா திரும்பாமலே பேசினாள். "ஈ கட்டுன கூடு. அவரு ஆணி அடிச்சாரு, ஒழுகுது. இது நல்ல தேன். ஆனா காய்ச்சலுக்கு மருந்து இல்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

நல்லம்மாள் ஆணியைப் பார்த்தாள், வழிகிற தேனைப் பார்த்தாள். குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எல்லாரும் ஓடியபோது தெரேசா ஓடவில்லை, அதை மறைக்கக்கூடாது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "அப்ப நான் முழங்கால்ல நின்னது ஈக்கா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"சேசுவுக்குத்தான் நின்னீங்க அக்கா. தேன் மட்டுந்தான் ஈயோடது."

தெரேசா விரலில் ஒட்டியிருந்த தேனைச் சேலையில் துடைத்தார். பிறகு சட்டென்று வெளியே திரும்பி, தன் வீட்டு வாசலில் நின்றிருந்த ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிட்டார். "இந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, சீக்கிரம்! நல்லம்மா, ஏறு. டாக்டர் கேட்டா மருந்தக் கொட்டுனதையும் மறைக்காம சொல்லு." வண்டி சந்து திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்த்தா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாள். புகையை அளவாக ஊதினாள். அதிகம் போனால் ஈ வெறிபிடிக்கும், குறைந்தால் அசையாது. இரண்டு மூன்று இடத்தில் கொட்டியது, முள்ளை நகத்தால் வழித்து எறிந்தாள். இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டதே, கை மறந்திருக்குமோ என்று நெம்புகிற வரைக்கும் ஒரு பயம் இருந்தது. கையை உள்ளே விட்டதும் அது போய்விட்டது. ஈக்களின் கதகதப்பு முழங்கை வரை ஏறியது. அள்ளினாள். ஒரு பிடி, இன்னொரு பிடி என்று அவை பானைக்குள் பொலபொலவென்று விழுந்தன. குஞ்சு அடையைச் சேதமில்லாமல் அறுத்து, மூங்கில் குச்சியில் கோத்துப் பானைக்குள் நிறுத்தினாள். நடு அடையின் மடிப்பில், மற்றதைவிட நீண்டு கறுத்த தாய் ஈ ஒதுங்கப் பார்த்தது. இரண்டு விரலால் பூப்போல எடுத்துப் பானைக்குள் விட்டாள். அவ்வளவுதான். சுவரிலிருந்த கூட்டம் முழுக்கச் சாரை பிடித்துத் தானாகப் பானைக்கு நடக்க ஆரம்பித்தது. அவள் கைமேலும் ஏறி நடந்தது. ஓடிப் போனவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். மார்த்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெருமையாக அவள் எந்தத் திருநாளிலும் நின்றதில்லை.

அந்த நேரத்தில்தான் சுவாமியார் வந்து சேர்ந்தார். வெள்ளைத் தாடி, பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்தில் உள்ளபடியே பேசுவார். வாய் பிளந்த சுவரையும், மேசையில் சாய்ந்திருந்த திரு இருதயத்தையும், புகைக்கு நடுவே முழங்கை வரை ஈக்களோடு நின்ற பெண்ணையும் பார்த்தார். மார்த்தாவால் கைகூப்ப முடியவில்லை. தலையை மட்டும் தாழ்த்தி, "ஸ்தோத்திரம் சாமி" என்றாள்.

"இது யாருடைய வேலை?" என்றார் சுவாமியார்.

மார்த்தா காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டாள். மீதியைச் சொல்ல வேண்டியவர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். இருபத்தொரு வருஷம் சொல்லாததை இப்போது சொல்வாரா, இல்லை நாகப்பட்டினத்திலும் தேனீ உண்டு என்று ஏதாவது சமாளிப்பாரா? அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை.

ஆர்தர் வாசலுக்கு வந்தார். பெரிய கிராணி, தெரேசா, சபைப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அவர் குரல் தேவைக்கு மேலேயே உரக்க வந்தது.

"என் சம்சாரம் செஞ்சது, சாமி. அவ நாகப்பட்டினம் இல்ல. சுங்கை பாக்காப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துல லயத்து வீட்டுல பொறந்தவ. தோட்டத்துத் துரையே இவளத்தான் கூப்புட்டு அனுப்புவான். அந்த வட்டாரத்துல இவள மாதிரி ஈ எடுக்கிற ஆள் கிடையாது." நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கி, "நாகப்பட்டினம்னு சொன்னது நான்தான்" என்றார்.

ஜன்னலில் யாரோ குசுகுசுத்தார்கள். தெரேசா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அது நின்றது. சுவாமியார் தரையில் கிடந்த வெற்று அடை ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "மகளே, இந்த மெழுகை உருக்கிக் கோயில் பீடத்துக்குக் கொடுப்பாயா? கடையில் விற்பது மெழுகே அன்று." மார்த்தா சிரித்துவிட்டாள். "தரேன் சாமி" என்றாள். பானையை, ஈ நுழையச் சின்ன வழி விட்டு வாழையிலையால் மூடிக் கட்டி, வெளிப்பக்க ஓட்டைக்கு அருகே தொங்கவிட்டு வந்தாள், வெளியே போயிருந்த ஈக்கள் அந்தி சாய்வதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

நாலு மணி அடித்தது. படத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் சுவர் இல்லை. மற்ற சுவர்களிலெல்லாம் ஜன்னல். ஆர்தர் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "ஆணியில்தான் தொங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை" என்றார் சுவாமியார். "இருவரும் பிடித்துக்கொள்ளுங்கள்."

பிடித்தார்கள். ஒரு பக்கம் ஆர்தர், ஒரு பக்கம் மார்த்தா, பின்னால் திறந்து கிடந்த சுவர். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். தெரேசா முன்வரிசையில், மதியம் விழுந்த அதே இடத்திலேயே முழங்காலிட்டார். படம் கனத்தது. கொட்டுப்பட்ட மார்த்தாவின் வலது கை பன்னு மாதிரி வீங்க ஆரம்பித்திருந்தது, விரல் மடங்கவில்லை, சட்டம் நழுவியது. ஆர்தர் குறுக்கே கையை நீட்டி, அவள் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுவரில் தங்கிவிட்ட ஈ ஒன்று அவருடைய வெள்ளைச் சட்டைக்கையில் இறங்கியது. மணிக்கட்டு வழியாக ஏறி, விரல் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தாண்டியது. ஆர்தரின் நெற்றியில் வியர்வை அரும்பியது, கண் படத்திலிருந்து அகலவில்லை, கை அசையவில்லை. சுவாமியார் அடுத்த பக்கத்தைப் புரட்டி வாசிக்க ஆரம்பித்தார்.